பின் சீட்டுக்கு விழுந்த முக்கோணம்

பழைய கார் கண்காட்சி நடந்த அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள்: வண்டி வைத்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர், அவர்களுடைய வீட்டார் நாற்பத்தெட்டு பேர், டிரைவர்களும் வண்டி துடைக்க வந்தவர்களுமாகப் பதினொரு பேர், கோயம்புத்தூரிலிருந்து வந்த நடுவர்கள் மூவர், கண்காட்சி நடத்திய சங்கத்து ஆட்கள் ஆறு பேர், போலீஸ்காரர்கள் இருவர், குஞ்ஞாலியின் டீக்கடைப் பந்தலில் அவரையும் சேர்த்து நால்வர், போட்டோக்காரர்கள் இருவர், பாண்டு வாத்தியக்காரர்கள் ஏழு பேர், கோத்தகிரிக் குளிரிலும் குச்சி ஐஸ் விற்க வந்தவர் ஒருவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைக்குழந்தைகளையும் எண்ணி நூற்று நான்கு பேர். ஆக மொத்தம் இருநூற்றுப் பதினோரு பேர். ஒரு செவலை நாயும் இருந்தது, ஆனால் அது காலையிலேயே வந்ததா சாப்பாட்டு நேரத்துக்கு வந்ததா என்பது உறுதியாகத் தெரியாததால் கணக்கில் சேரவில்லை.

வண்டி வைத்திருந்தவர்களில் ஒருத்தி கமலவேணி. அவளுடைய கணவர் துரைக்கண்ணு, ஊரைவிட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரிடம் வாங்கிய சாம்பல் நிற மாரிஸ் மைனர்தான் அவள் வண்டி. துரைக்கண்ணு காலமான பிறகு ஆர்.சி. புத்தகம் அவள் பேருக்கு மாறியது, வண்டியை ஓட்டுவதும் துடைப்பதும் மகன் இளம்பரிதிக்கு மாறியது. பரிதிக்கு இருபத்தேழு வயது, கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாதவன். கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவனும் அவன்தான்.

நடுவர்கள் மூவரும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி வந்தார்கள். கையால் தொடமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். கதவைத் திறக்கச் சொல்வார்கள், பானெட்டைத் தூக்கச் சொல்வார்கள், குனிந்து பார்ப்பார்கள், ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள், பிறகு அட்டையில் செருகிய தாளில் ஊதாப் பென்சிலால் குட்டியாக ஒரு குறி போடுவார்கள். மூத்த நடுவர் ரெங்கபாஷ்யம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவான குரல்காரர், மாரிஸின் பின் சீட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த சீட் வண்டியோடு வந்ததுதானா என்று கமலவேணியிடம் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு ஒரு குறி போட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாள்களைக் கூட்டிப் பார்க்க எடுத்தபோது அவற்றில் ஒரு குறியும் இல்லை, தும்பைப் பூ மாதிரி வெள்ளையாக இருந்தன. அதே நேரத்தில் குஞ்ஞாலி வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுக்கக் கையை நீட்டினார், அவருடைய முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு வட்டமும் வட்டத்துக்கு அடியில் ஒரு கோடும் இருந்தன. பக்கத்தில் நின்றவர் கையில் ஒரு அலை இருந்தது. அதற்கடுத்தவர் கையில் பெருக்கல் குறி. ஸ்வெட்டரை மேலே ஏற்றிப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. நடுவர்கள் மூவரைத் தவிர மற்ற இருநூற்றெட்டு பேர் கையிலும் ஆளுக்கொரு குறி இருந்தது, நாயின் வயிற்றில் கூட ஒரு வட்டம் இருந்தது. நடுவர் நடுவருக்குக் குறி போடுவதில்லை என்பதால் அவர்கள் கை மட்டும் சுத்தமாக இருந்தது என்று ரெங்கபாஷ்யம் சொன்னார், அதில் ஊராருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

தாள் வெள்ளையாகிவிட்டதால் பரிசளிப்பை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். கலைந்து போகும்போது மழை வருமா என்றுதான் அதிகம் பேர் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கோத்தகிரி அதை ஒரு வழக்கமான சங்கதியாகவே எடுத்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தவர்கள், மண்ணெண்ணெய் தேய்த்தவர்கள், கார் பாலிஷ் தேய்த்தவர்கள் எல்லாம் காலை பத்து மணிக்குள் தேய்ப்பதை விட்டுவிட்டு, இது என்ன குறி என்று கேட்கத் தொடங்கினார்கள். நடுவர்களோ குறிகளின் அர்த்தத்தை வெளியில் சொல்வதில்லை என்று சங்கத்துக்கு வாக்குக் கொடுத்தவர்கள், சொன்னால் வண்டிக்காரர்கள் ஒவ்வொரு குறிக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதற்காக ஏற்பட்ட வாக்கு அது. ஊர் அவர்களை மிரட்டவும் இல்லை, பூட்டி வைக்கவும் இல்லை. அவர்கள் வந்த காரில் ஒரு டயர் காற்று இறங்கியிருந்தது, அதற்கு பஞ்சர் ஒட்ட எந்த மெக்கானிக்குக்கும் நேரம் கிடைக்கவில்லை, கோயம்புத்தூர் பஸ்ஸில் அவர்கள் ஏறும்போதெல்லாம் டிக்கெட் புத்தகம் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். சங்கத்து விருந்தினர் விடுதிக்கு வேளாவேளைக்கு யார் வீட்டிலிருந்தாவது சாப்பாடு போனது, சாப்பாட்டுடன் ஒரு கையும் நீட்டப்பட்டது, அவர்கள் சாப்பாட்டை மட்டும் பார்த்தார்கள்.

ஆகவே அர்த்தம் குஞ்ஞாலி கடையில்தான் பிறந்தது. அதைப் பிறப்பித்தவன் பரிதி. அவன் கண்காட்சியில் எந்த வண்டி எங்கே நின்றது, எந்த வண்டிக்கு என்ன பழுது என்பதை நினைவில் வைத்திருந்தான், வண்டிக்குள்ள குறையையும் வண்டிக்காரர் கையில் உள்ள குறியையும் பொருத்திப் பார்த்தான், கடைப் பலகையில் சாக்பீஸால் வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான். வெறும் வட்டம் என்றால் அசல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது. வட்டத்துக்கு அடியில் கோடு என்றால் பழுது பார்த்துப் புதுப்பித்தது, இதைக் கேட்டதும் குஞ்ஞாலி பல் செட்டைக் கழற்றிக் காட்டி, சரிதான், வடகரை டாக்டரின் கைவேலை என்று ஒத்துக்கொண்டார். அலை என்றால் அளவுக்கு மேல் மெருகு போட்டது, சங்கத்துச் செயலாளர் அன்றோடு தலைக்கு மை பூசுவதை நிறுத்தினார். பெருக்கல் குறி என்றால் இருக்க வேண்டிய ஒன்று இல்லாதது. பாண்டு வாத்தியத்தில் கிளாரினெட் வாசிக்கும் முத்துவேலன் கையில் அது இருந்தது, அவரிடம் என்ன இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் மனைவி சேலத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சில குறிகளுக்குப் பக்கத்தில் கழித்தல் போட்டு ஓர் எண்ணும் இருந்தது. எண்ணை வைத்து ஆளை நிறுப்பது வெகு சீக்கிரம் பழகிவிட்டது. வணக்கம் சொல்வதற்குப் பதிலாக உங்களுக்கு எத்தனை என்று கேட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் குறியைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, கடன் கேட்டு வந்தவரிடம் புழுக்கமாக இருக்கிறதே, ஸ்வெட்டரைக் கழற்றி வையுங்களேன் என்று உபசாரம் செய்தார்கள். ஏப்ரல் வெயிலில் முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் அதிகமானார்கள். கண்காட்சிக்கு வராமல் போனவர்கள்தான் பாவம், தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்ற ஏக்கத்தில் பேனாவால் வட்டம் வரைந்துகொண்டு திரிந்தார்கள், முதல் மழையில் அது கரைந்து உள்ளங்கைக்கு வழிந்தது.

கமலவேணியின் கையில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. அதற்கு யாருக்கும் அர்த்தம் கிடைக்கவில்லை, அவளுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பரிதியின் கையை. அதில் ஒரு முக்கோணம் இருந்தது, பக்கத்தில் கழித்தல் நாலு.

ஊரில் முக்கோணம் பதினோரு பேருக்கு இருந்தது. பரிதி அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனான். ஒருவர் தர்மபுரியிலிருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர், ஒருவர் மஞ்சூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்து மாமனார் வீட்டோடு இருப்பவர், ஒருத்தி இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். அவன் ஒவ்வொரு நாளும் கண்டுபிடித்ததை ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்தபடி சொன்னான், கமலவேணி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள், அவன் கைக்குப் பதிலாகத் தட்டையே பார்த்தாள், ஒரு நாள் ரசம் தட்டு நிரம்பித் தரையில் ஓடியது. அவன் நெருங்கிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவன் கை, சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளி இருப்பது போல இருந்தது.

"முக்கோணம்னா வேற வண்டியில இருந்து எடுத்துப் போட்டது," என்றான் ஒரு நாள். "மத்த பத்து பேருக்கும் பொருந்துது. எனக்குத்தான் பொருந்தல. நான் இங்கதானம்மா பொறந்தேன்?"

"இங்கதான்," என்றாள் கமலவேணி.

அது பொய்யில்லை. அவன் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, அப்படியானால் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன், மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றான்.

மறுநாள் அவள் ஒரு தூக்கில் வெந்தயக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு விருந்தினர் விடுதிக்குப் போனாள். ரெங்கபாஷ்யம் வராந்தாவில் வெயில் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கையை நீட்டவில்லை. மகன் கையில் இருக்கும் குறியை அழிக்க வேண்டும், அழித்தால் போதும், பரிசு வேண்டாம், வண்டியை வேண்டுமானால் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

அவர் தூக்கை வாங்கி நாற்காலியருகே வைத்துவிட்டு, போட்ட குறியை நடுவர் அழிக்க முடியாது என்றார். குறியின் அர்த்தத்தைச் சொல்ல மாட்டேன், ஆனால் விதியைச் சொல்லலாம், விதி எல்லோருக்கும் பொதுவானது என்றும் சொன்னார். ஒவ்வொரு வண்டியும் நூறு மார்க்கோடுதான் மைதானத்துக்குள் வருகிறது. நடுவர்கள் எதையும் கூட்டுவதில்லை, கழிக்க மட்டுமே செய்வார்கள். பரிசளிப்புக்கு முன்னால் மறுப்பு நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வண்டிக்காரர் தன் வண்டியின் பக்கத்தில் நின்று, எந்தப் பாகம், எங்கிருந்து, எப்போது, ஏன் வந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். காதோடு காதாகச் சொன்னால் செல்லாது.

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்கம்மா," என்றார். "வேற வண்டியில இருந்து வந்துச்சுன்னு நாங்க கழிக்கிறதே இல்ல. பழைய வண்டின்னா அதெல்லாம் இருக்கும். கேட்டப்ப சொல்லாம விட்டதுக்குத்தான் கழிக்கிறோம். அந்த நாலு உங்க பையனோடது இல்ல."

கமலவேணி காலித் தூக்கை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மார்க்கெட் வரைக்கும் வந்த பிறகுதான் தூக்கு காலி இல்லை, அவர் இன்னும் சாப்பிடவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

சொல்லாமல் இருந்தால் முக்கோணமும் நாலும் அவன் கையில் இருக்கும், அவன் ஒரு நாள் கண்டுபிடிப்பான். சொன்னால் நாலு போகும், அவனும் போகலாம். பரிசளிப்பு வரை இருந்த இரவுகளில் அவள் மூன்றாவது வழி ஒன்றைத் தேடினாள், கடைசியில் கிடைத்தது. சீட்டை எலி கடித்துவிட்டது, மேட்டுப்பாளையத்தில் உடைத்துப் போட்ட வேறொரு மாரிஸிலிருந்து எடுத்து மாட்டினோம். இதில் மேட்டுப்பாளையம் நிஜம், உடைத்த மாரிஸும் நிஜம். எலி மட்டும்தான் அவளுடையது. பாத்திரம் துலக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அந்த எலியைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள், அதற்குக் கருப்பு நிறமும் குட்டி வாலும் கூட வந்துவிட்டன.

பரிசளிப்பு ஞாயிறன்று மைதானத்தில் முந்திய கூட்டத்தைவிட அதிகக் கூட்டம். வண்டிகள் அதே இடங்களில் நின்றன. மறுப்பு நேரம் என்று ரெங்கபாஷ்யம் ஒலிபெருக்கியில் அறிவித்து, அதன் விதியையும் படித்தார். யாரும் நகரவில்லை. குறி விழுந்த கைகள் எல்லாம் ஸ்வெட்டருக்குள் போய்விட்டன. அப்போது கமலவேணி மாரிஸின் பின் கதவருகே போய் நின்றாள், பரிதி ஆச்சரியமாகப் பார்த்தான், வெயிலுக்காகச் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான்.

"பின் சீட்டு வண்டியோட வந்தது இல்லீங்க," என்றாள். "எலி கடிச்சிருச்சு. அதனால மாத்தினோம்."

அவளுக்கு நேரெதிரே நின்ற பரிதியின் கையில் நாலு ஐந்தாக மாறியது. யாரும் வரையவில்லை, பழைய மீட்டரில் எண் உருள்வது போல மெதுவாக உருண்டு நின்றது. பக்கத்தில் நின்ற குஞ்ஞாலி அதைப் பார்த்தார். பரிதியும் பார்த்தான். பார்த்துவிட்டு அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கணக்கு சரியாக வருகிறபோது அவன் முகத்தில் வருமே, அந்த அமைதிதான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

குஞ்ஞாலி, "சேச்சி, எலியை விட்டுடுங்க," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள், முதலில் யாருக்கும் கேட்கவில்லை, ரெங்கபாஷ்யம் ஒலிபெருக்கியைக் கொண்டு வந்து பிடித்தார், அதன் பிறகு எல்லோருக்கும் கேட்டது. அந்த வருஷம் விடாத மழை பெய்ததையும், கீழ்த் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் மண் சரிந்து அன்னக்கொடி என்பவளின் புருஷன் போனதையும், அவள் நிறைமாதமாக இருந்ததையும், வலி எடுத்த அன்று வேறு வண்டி எதுவும் ஏற மறுத்த ரோட்டில் துரைக்கண்ணு இந்த மாரிஸை ஓட்டிப் போனதையும், பின் சீட்டில் அன்னக்கொடியின் தலையைத் தான் மடியில் வைத்திருந்ததையும், பன்னிரண்டாம் வளைவில் மரம் விழுந்து வழி அடைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்ற இடத்திலேயே குழந்தை பிறந்ததையும், மரத்தை வெட்டி வழி விட்டபோது அன்னக்கொடி இல்லை என்பதையும் சொன்னாள். குழந்தையைக் கேட்டு யாராவது வருவார்கள் என்று அடுத்த மழைக்காலம் வரை பயந்து பயந்து காத்திருந்தோம், வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டோம், வரவில்லை, அதன் பிறகு மேல் ஊருக்கு வீடு மாறினோம் என்றாள். கழுவிக் கழுவிப் பார்த்தும் கறை போகாத அந்த சீட்டைத் துரைக்கண்ணு கழற்றித் தோட்டத்து ஓரத்தில் புதைத்தார், வேறு சீட் மாட்டினார், இதைப் பற்றி இனி பேச வேண்டாம் என்றார், பேசவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாது," என்றாள். "இவன்தான் அந்தக் குழந்தை."

மைதானத்தில் குச்சி ஐஸ் வண்டியின் மணி மட்டும் காற்றில் ஒரு தரம் அடித்தது. பரிதியின் கையில் இருந்த ஐந்து மங்கி, கழித்தல் கோடும் மங்கி, முக்கோணம் மட்டும் நின்றது. ரெங்கபாஷ்யம் தாளில் எதுவும் எழுதவில்லை.

பரிதி பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தான். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான், எடுத்தான். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்பதைக் கூட்டத்தில் ஒருவரும் எண்ணவில்லை. பிறகு இறங்கி முன்பக்கம் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக, "எந்த வளைவுன்னு சொன்ன?" என்றான்.

"பன்னிரண்டு."

"காட்டு. ஏறு."

பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அந்தச் சொல் இல்லாமல் அவன் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. அவள் பின் சீட்டில் ஏறினாள், முன்னால் ஏற அவளுக்குத் தைரியம் வரவில்லை. வண்டி இருமி உறுமிக் கிளம்பியது, கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது, பாண்டுக்காரர்கள் வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்து ஒதுங்கினார்கள். அவள் அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது, அது ரோட்டைப் பார்த்தது. மைதானத்து வாசலில் வேகத்தடை ஏறியபோது பக்கத்துக் கதவு லேசாக ஆடியது.

"கதவு சரியாச் சாத்தலம்மா," என்றான் பரிதி, திரும்பாமல். "இழுத்துச் சாத்து."

அவள் இழுத்துச் சாத்தினாள்.

வண்டி வளைவில் மறைந்த பிறகு, மைதானத்தில் முதலில் அசைந்தவர் கிளாரினெட் முத்துவேலன். அவருக்கு வண்டி இல்லை, அதனால் எந்த வண்டியின் பக்கத்தில் நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, மாரிஸ் நின்றிருந்த காலி இடத்தில் போய் நின்று, சேலத்துக்குப் போனவளைத் தான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் போலீஸ்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்தவர் சொல்வதைக் கேட்காதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனிமூட்டம் இறங்கி, ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் போகும் வரை நடுவர்கள் மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். அன்றைக்கே ஒரு மெக்கானிக்குக்கு நேரம் கிடைத்தது, அவர்களுடைய டயருக்குப் பஞ்சர் ஒட்டியாயிற்று.

கையில் கழித்தல் எண் விழுந்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர். அன்று மாலைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனவர்கள் கமலவேணியின் மகன் கணக்கையும் சேர்த்து நாற்பத்து நான்கு. மற்றவர்கள் சட்டைக் கைப் பொத்தானை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இன்றும் அவர்கள் கோத்தகிரியில்தான் இருக்கிறார்கள், எவ்வளவு வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. மிச்சம் பதினேழு பேர்.